பரிசாக வந்த இத்தாலி: படப் புத்தகங்களும் காணாத ஊர்களும்

ஏடுதேடி (கேள்வி):
19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பரிசளிப்பதற்கென்றே அச்சான பயணப் படப் புத்தகங்களைப் பற்றிப் படித்து வருகிறேன். பட்டோ தோலோ போர்த்திய அட்டையும் பொன் பூசிய ஓரமுமாக, அவை எனக்கு அலங்காரப் பொருள்களாகவே தோன்றுகின்றன. காணாத ஊரைப் பற்றிய ஒருவரது கற்பனையை இவை உண்மையிலேயே மாற்றினவா, அல்லது கூடத்து மேசையில் கிடந்ததோடு சரியா?

மலைச்சாரல்:
ஒருவரது வாழ்க்கைப் போக்கையே மாற்றியிருக்கின்றன. வங்கியாளரும் கவிஞருமான சாமுவேல் ராஜர்ஸ் 1822இல் வெளியிட்ட ‘இத்தாலி’ என்ற நெடுங்கவிதை விலைபோகவில்லை; டர்னர், ஸ்டோதார்ட் ஆகிய ஓவியர்களின் படங்களோடு 1830இல் தம் சொந்தச் செலவில் அதை மறுபடி அச்சிட்டபோதுதான் வாங்க ஆள் வந்தது. அப்பதிப்பின் ஒரு படி, 1832இல், பின்னாளில் கலை விமர்சகராகப் புகழ்பெற்ற ஜான் ரஸ்கினுக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாள் பரிசாக, அவருடைய தந்தையின் தொழில் கூட்டாளியிடமிருந்து வந்தது. கவிதையைவிட டர்னரின் படங்களே சிறுவனை ஆட்கொண்டன. சட்டம் ஏதுமின்றி ஓரங்கள் வெள்ளைத் தாளுக்குள் கரைந்துபோகும் சிறு படங்கள் அவை. ஊர் எங்கே முடிகிறது என்று படம் சொல்லாததால் மீதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள நேர்ந்தது என்பது என் ஊகம். மறு ஆண்டு ஓவியர் சாமுவேல் பிரவுட்டின் ஃபிளாண்டர்ஸ், ஜெர்மனிக் காட்சித் தொகுப்பு வீட்டுக்கு வந்தது. இவற்றை நேரிலேயே போய்ப் பார்த்தால் என்ன என்று தாயார் கேட்க, குடும்பமே புறப்பட்டுவிட்டது. டர்னருக்காக வாதாடத் தொடங்கிய ரஸ்கினின் நூல் பின்னாளில் ஐந்து தொகுதிகளாக வளர்ந்தது.

பழந்தாள்:
மலைச்சாரல் சொல்வது சரியே. ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. படத்தைச் செதுக்கி அச்சிடும் செப்புத் தகடு விரைவில் தேய்ந்துவிடும். 1820களில் பரவிய எஃகுத் தகடோ ஆயிரக்கணக்கான படிகளைத் தாங்கியதால், ஒரே கோணத்தில் வரைந்த ஒரே காட்சி எண்ணற்ற வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. படம் முதலில் வரும், எழுத்து அதற்கேற்ப அமையும். ஃபிஷர் பதிப்பகத்தின் ஆண்டு மலருக்காக இந்தியக் காட்சிப் படங்களை வைத்துக் கவிதை புனைந்த ஆங்கிலக் கவிஞர் லெட்டீஷியா லாண்டன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1834இல் தொடங்கிய ‘ஓரியண்டல் ஆனுவல்’ மலரில் இருந்தவை ஆங்கில ஓவியர் வில்லியம் டேனியலின் படங்கள். அவரோ இந்தியாவில் வரைந்துவிட்டு 1794இலேயே தாயகம் திரும்பிவிட்டவர். நாற்பது ஆண்டு முந்தைய இந்தியாவைத்தான் அவ்வாசகர்கள் தம் காலத்து இந்தியாவாகக் கண்டிருப்பார்கள்.

ஏடுதேடி:
இருவருக்கும் நன்றி. டேனியல் வந்து வரைந்த ஊர்களில் மதுரையும் மாமல்லபுரமும் அடக்கம் என்பதால் இச்செய்தி எனக்கு நெருக்கமானது. இனி அத்தகைய மலர்களைப் புரட்டும்போது, பதிப்பாண்டுக்கு முன் வரைந்த ஆண்டைத் தேடப்போகிறேன்.