பெரிய கம்பெனிகள் சமூக ஊடகத்தை எப்படி நடத்துகிறார்கள்?

போச்சம்பள்ளிவாசி:
கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை. முதலாளி ஃபேஸ்புக், இன்ஸ்டா இரண்டையும் என் தலையில் வைத்துவிட்டார். ஆறு மாதமாகப் பண்டிகை வாழ்த்தும் தோத்தாபுரி மாம்பழப் படமும்தான் போடுகிறேன், கூழ் வாங்குகிற ஆட்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய கம்பெனிகளில் இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

ஓசூர்க்காரன்:
இருக்கிறது தம்பி. போடுவதற்கு முன்னால் கேட்கப் பழகுகிறார்கள். கம்ப்யூட்டர் விற்கும் டெல் கம்பெனியின் சர்வீஸ் பற்றி 2005இல் ஒரு வலைப்பதிவர் எழுதிய புகார் பெரிதாகப் பரவியது, அப்புறம் பதிவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல ஆள் வைத்தார்கள், 2007இல் வாடிக்கையாளர்கள் யோசனை சொல்ல ஐடியாஸ்டார்ம் தளம் தொடங்கினார்கள், 2010 டிசம்பரில் இணையத்தில் தங்களைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனிக்கத் தனி மையமே திறந்தார்கள். உங்கள் ஆலைக்கு அவ்வளவு வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள், எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதையே பதிவாகப் போடுங்கள்.

தருமபுரி மீனா:
கூழ் வாங்குவது ஜூஸ் கம்பெனியும் ஏற்றுமதியாளரும்தானே, அவர்களை லிங்க்ட்இனில் தேடுங்கள். சீசனில் பிரிக்ஸ், அதாவது கூழின் இனிப்பு அளவு பார்ப்பதை, டிரம்மில் கூழ் நிரப்புவதை வீடியோ எடுத்துப் போடுங்கள். இன்னொன்று, யார் பதில் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனி 2005லேயே ஊழியர்களுக்கு வலைப்பதிவு விதிகள் வைத்தது, அதை ஊழியர்களே கூடி எழுதினார்கள், அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

போச்சம்பள்ளிவாசி:
சரிங்க அக்கா, நோட்டு இன்றைக்கே போடுகிறேன். எங்களிடம் நாலு பேரிடம் பாஸ்வேர்ட் இருக்கிறது, முதலில் அதை மாற்ற வேண்டும்.