கோத்தகிரி ரோடு தாங்குசுவர்: கிராக் மீட்டர் தினமும் ஏறி இறங்குது, சுவர் நகருதா?

மலைரோடு_சிவில்:
கோத்தகிரி பக்கம் ரோட்டோரம் 6 மீட்டர் உயரக் கருங்கல் தாங்குசுவர். நடுவில் 2 மி.மீ. நேர்குத்து விரிசல், குறுக்கே வைப்ரேட்டிங் வயர் கிராக் மீட்டர் (கம்பியின் அதிர்வை வைத்து விரிசல் அகலத்தை அளப்பது). காலைக்கும் மதியத்துக்கும் 0.15 மி.மீ. வித்தியாசம் காட்டுது. ஐப்பசி மழைக்கு முன்னாடி டில்ட் மீட்டர் (சாய்வை அளப்பது), பீசோமீட்டர் (மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளப்பது) இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கு. எது?

அதிர்கம்பி:
நீங்க பார்க்கிறது வெயிலை. ஒரு மீட்டர் நீளக் கருங்கல், ஒரு டிகிரிக்கு சுமார் 8 மைக்ரான் நீளும். விரிசலின் இருபக்கமும் சேர்த்து 5 மீட்டர் சுவர் 4 டிகிரி சூடானாலே 0.16 மி.மீ. விரிசல் மதியம் மூடி, விடியற்காலை திறந்தால் சந்தேகமே வேண்டாம். கிராக் மீட்டருக்குள் இருக்கும் தெர்மிஸ்டரின் (வெப்பநிலை சென்சர்) இரண்டு ஒயரை லாகரில் (ரீடிங்கைப் பதியும் கருவி) சேர்த்தீங்களா? சேனல் மிச்சம் பிடிக்கப் பலரும் அதை விட்டுடறாங்க. தினம் காலை 5 மணி ரீடிங்கை மட்டும் வைத்து கிராஃப் போடுங்க. மழைக்குப் பிறகு ஒரே பக்கமா ஏறித் திரும்பலைன்னா அது நகர்வு.

மண்ணியல்_குன்னூர்:
பீசோமீட்டர்தான், யோசிக்கவே வேண்டாம். டில்ட் மீட்டர் சுவர் சாய்ந்த பிறகு சொல்லும். சாய்ப்பது பின்னால் தேங்கும் தண்ணீர். 3 மீட்டர் தேங்கினால், நீரின் தள்ளுவிசை மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 4.5 டன்.

பீசோமீட்டரை மாட்டும்போது அதன் ஃபில்டரைக் கழற்றி, வாளித் தண்ணீருக்குள்ளேயே திரும்பப் பூட்டுங்க. காற்றுக்குமிழி மாட்டினால் ரீடிங் பின்தங்கும். சென்சரைச் சுற்றி மணல், மேலே ஒரு மீட்டர் பென்டோனைட் (ஊறி அடைக்கும் களிமண்), அதற்கு மேல் கிரவுட் (சிமென்ட் கரைசல்).

முக்கியமா, ஜீரோ ரீடிங்கை (தண்ணீர் அழுத்தம் இல்லாதபோது காட்டும் அளவு) சுவர் இருக்கும் இடத்திலேயே எடுங்க. காற்றுக்குழாய் இல்லாத மாடல் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். 1,800 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தைவிட சுமார் 20 கிலோபாஸ்கல் குறைவு. சமவெளியில் எடுத்த ஜீரோவைப் போட்டால் 2 மீட்டர் தண்ணீர் கணக்கில் காணாமப் போகும்!

மலைரோடு_சிவில்:
மேலே தேயிலைத் தோட்டம், ரிக் (துளை போடும் இயந்திரம்) ஏறாது. வீப் ஹோல் (தண்ணீர் வடியச் சுவரில் விட்ட துளை) வழியா சென்சரை விடலாமா?

மண்ணியல்_குன்னூர்:
கூடாதுங்க. அங்கே தண்ணீர் வெளியே வடிவதால் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும், துளையையும் அடைச்சிடுவீங்க. சுவருக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 மி.மீ. கை ஆகரால் (கையால் திருகும் துளைப்பான்) துளை போடுங்க. செம்மண்ணில் இறங்கும், பாறை தட்டினால் அரை மீட்டர் தள்ளிப் போடுங்க. சென்சர் அஸ்திவாரத்துக்கு அரை மீட்டர் மேலே நிற்கணும். முதலில் வீப் ஹோல்களைக் கம்பி விட்டுக் குத்தி எடுங்க, அதுக்குச் செலவே இல்லை.

லாகர்_மேஸ்திரி:
இடியை மறந்துடாதீங்க. கேபிள் ஷீல்டை (ஒயர்களைச் சுற்றிய உலோக உறை) லாகர் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க. இரண்டு முனையிலும் பண்ணினால் அதுவழியே மின்னோட்டம் ஓடும். ஒவ்வொரு சேனலுக்கும் சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்அழுத்தத்தைத் தடுப்பது). கார்த்திகை மூடுபனியில் சோலாரை நம்பாதீங்க. லாகரும் மோடமும் சராசரி 50 மில்லிஆம்ப் இழுத்தால் பத்து நாளுக்கு 12 ஆம்பியர்-மணி. பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் 26 போடுங்க. லாகர் பெட்டியின் கேபிள் கிளாண்ட் (கேபிள் நுழையும் அடைப்பு) கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மாதம் ஒருமுறை மாத்தணும்.