ஹோம் கார்டு தாத்தாக்கள்: பார்த்தவர்கள், கேட்டவர்கள் எழுதுங்கள்

செந்தூல்வாசி:

போன வாரம் அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தபோது உள்ளே ஒரு பித்தளை விசில் கிடந்தது. கறுத்துப் போயிருந்தது. அம்மா கையில் வாங்கிப் பார்த்து, "இது தாத்தாவோட ஓம்காட் விசிலு" என்றார். ஹோம் கார்டு, அதாவது ஊர்க்காவல் படையைத்தான் அப்படிச் சொல்கிறார். அன்று ராத்திரி பதினொரு மணி வரை பேச்சு அதுதான். அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

தாத்தா 1918இல் பிறந்தவர். மலாயாவில் ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. 1943இல் நேதாஜி மலாயாவுக்கு வந்த சமயம், வெள்ளைக்காரனை எதிர்த்த அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். 1945இல் வெறுங்கையோடு திரும்பி வந்து மறுபடியும் பால்வெட்டும் உளியைப் பிடித்தார். மூன்று வருஷம்கூட நிம்மதி இல்லை, 1948 ஜூனில் அவசரகாலம் வந்துவிட்டது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் சண்டை. 1950இல், காட்டில் இருப்பவர்களுக்கு ஜனங்களிடமிருந்து உதவி போகாமல் தடுக்கும் பிரிக்ஸ் திட்டம் வந்தபிறகு, காட்டோரமாகத் தனித்துக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளைப் பிரித்து, எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். கம்பி போட்டால் போதுமா, யாராவது காவல் நிற்க வேண்டுமே! போலீசுக்கு அவ்வளவு ஆள் இல்லை. தோட்டத்து ஆம்பிளைகளையே நிற்க வைத்தார்கள். அதுதான் ஹோம் கார்டு.

காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரை வந்து நின்று, "துப்பாக்கி பிடித்துப் பழகியவன் எவனாவது இருக்கிறானா?" என்று கேட்டிருக்கிறார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி அதைத் தமிழில் சொன்னார். ஒருத்தரும் கை தூக்கவில்லை. பழகியவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் எல்லாரும் ஐ.என்.ஏ. ஆட்கள். யாரைச் சுடுவதற்காகப் பழகினார்கள் என்பது துரைக்கும் தெரியும். கையைத் தூக்கினால் பெயர் எந்தப் பட்டியலுக்குப் போகுமோ? கடைசியில் கிராணிதான் தாத்தாவைக் காட்டிக் கொடுத்தார், "இவன் போஸ் பட்டாளத்தில் இருந்தவன்" என்று. துரை சிரித்துவிட்டு, "அப்படியென்றால் எனக்கு வேலை மிச்சம்" என்றாராம். அன்றிலிருந்து தாத்தா ஒரு செட்டுக்குத் தலைவர். அந்தக் கிராணியோடு மட்டும் ரொம்ப நாள் பேச்சு வார்த்தை கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. தாத்தாவுக்குத் தெரிந்த டிரில் எல்லாம் ஐ.என்.ஏ.வில் கற்ற இந்துஸ்தானி உத்தரவுகள்தான். சொல்லிக் கொடுக்க வந்த போலீஸ் கோப்ரல் மலாய்க்காரர். நிற்கிறவர்கள் தமிழாட்கள். வெள்ளைக்காரன் தோட்டத்தைக் காக்க இந்துஸ்தானியில் லெப்ட் ரைட் போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் செட்டில் ஐந்து பேர். இரண்டு ஷாட்கன், மற்ற மூன்று பேருக்குக் கம்பும் டார்ச் லைட்டும். சாயங்காலம் கையெழுத்து போட்டுத் துப்பாக்கியை வாங்க வேண்டும், விடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டா எண்ணித்தான் கொடுப்பார்கள், எண்ணித்தான் வாங்குவார்கள். ஒன்று குறைந்தால், காட்டில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டாயா என்றுதான் முதல் கேள்வி. தோட்டாவோ உணவோ அந்தப் பக்கம் போனதென்று முடிவானால் தூக்கு வரைக்கும் போகும் காலம் அது.

ஒரு ராத்திரி, செட்டில் ஒருவர் கைலி மடிப்பில் தோட்டாவை முடிந்துகொண்டு வெளிக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது ஒன்று இல்லை. ஐந்து பேரும் விடிய விடியக் கால்வாயில் தேடினார்கள். விளக்கை உயர்த்தவும் பயம். விடிகிற நேரம் பாட்டி விஷயம் தெரிந்து, அரிசி சலிக்கிற சல்லடையை எடுத்து வந்து, சாக்கடைச் சேற்றை அள்ளி அள்ளிச் சலித்துக் கண்டுபிடித்துக் கொடுத்தாராம். அதைக் கழுவித் துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி ஒப்படைத்தார்கள். அந்தச் சல்லடையைப் பாட்டி அப்புறம் அடுக்களையில் சேர்க்கவில்லை. புதுசு வாங்கித் தரும்வரை தாத்தாவுக்குத் தினமும் ஏச்சு.

எந்தச் சண்டையும் நடக்கவில்லை. தாத்தா ஒரு தடவைகூடச் சுடவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்திருந்தால் எழுதுங்கள். பட்டியல் யார் போட்டது, யாருக்குத் துப்பாக்கி, யாருக்குக் கம்பு என்பதெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை.

பாகான் டாலாம் பேத்தி:

நீங்கள் ராத்திரிக் காவலைச் சொன்னீர்கள். எங்கள் ஆயா சொன்னது காலை நேரம். பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டைத் தாண்டும்போது வாளி, பை, முந்தானை முடிச்சு எல்லாவற்றையும் சோதிப்பார்கள். சோறு வெளியே போகக் கூடாது, காட்டுக்குப் போய்விடும் என்று. பெண்களைச் சோதிக்கத் தனியாகப் பெண்கள் நின்றார்கள். கேட்டில் நின்ற ஹோம் கார்டு எங்கள் தாத்தா. வரிசையில் வருவது அவர் தங்கச்சி. வெறும் வயிற்றோடு வெயில் ஏறும்வரை பால் வெட்ட வேண்டுமே என்று அந்தத் தங்கச்சி ஒரு கொழுக்கட்டையை இடுப்பில் சொருகி வைத்திருந்தார். தாத்தா பார்த்துவிட்டார். பக்கத்தில் போலீஸ்காரர் நிற்கிறார். கொழுக்கட்டையைப் பிடுங்கித் தானே வாயில் போட்டுக்கொண்டாராம்.

சின்னப் பாட்டி சாகும்வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினார். "என்னைக் காப்பாத்தினேன்னு சொல்றாரு, தின்னது அவருதானே" என்பார்.

கூலிம் ஆள், இப்போது பிறையில்:

ஒரு சின்னத் திருத்தம். பலர் ஹோம் கார்டையும் ஸ்பெஷல் கான்ஸ்டபிளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். எஸ்.சி. என்றால் சம்பளம் வாங்கும் முழுநேர வேலை. உடுப்பு, ரைபிள், எல்லாம் உண்டு. தோட்டம், ஈயச்சுரங்கம், துரை பங்களா என்று காவல் நிற்பார்கள். ஹோம் கார்டு அப்படி இல்லை. பகலில் வெட்டு வேலை, ராத்திரி முறை போட்டுக் காவல், பெரும்பாலும் சம்பளமே கிடையாது. ஆட்கள் எண்ணிக்கை உச்சத்தில் இருந்தபோது நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு பேருக்கு யார் சம்பளம் கொடுப்பது? ஆரம்பத்தில் துப்பாக்கியை அவர்கள் கையில் விடவே அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. 1952இல் ஹைகமிஷனராக டெம்ப்ளர் வந்தபிறகுதான், ஜனங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய புதுக்கம்பங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக் கொடுத்தார்கள். அதற்கு முன் காட்டுக்காரர்கள் நடுராத்திரி வந்து மிரட்டித் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போன கதைகளும் உண்டு. மிரட்டலா, மனம் ஒப்பிக் கொடுத்ததா என்பது நின்றவர்களுக்குத்தான் வெளிச்சம்.

இன்னொன்று. செந்தூல்வாசியின் தாத்தா கை தூக்காமல் நின்றதற்கு ஐ.என்.ஏ. மட்டும் காரணமாக இருந்திருக்காது. எங்கள் கெடாவில் 1946, 47இல் தொண்டர் படை என்று ஒன்று இருந்தது. பெடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி முன்னின்று நடத்தியது. ஐ.என்.ஏ.விலிருந்து திரும்பிய ஆட்கள் அதில் நிறைய. தோட்டத்துப் பையன்களை வரிசையில் நிறுத்தி டிரில் கொடுத்தார்கள். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். குடிகாரனைக் கண்டித்தார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அப்போது பதினாறு வயது, கம்பைத் தோளில் சாய்த்து நடந்ததைப் பெருமையாகச் சொல்வார். 1947இல் பெடோங்கில் போலீசோடு மோதல் ஆகி உயிர் போனது. பிறகு கைது, தண்டனை, ஆட்கள் சிதறிப் போனார்கள்.

மூன்று வருஷம் கழித்து அதே பெரியப்பாவைக் கூப்பிட்டு, "உனக்கு டிரில் தெரியுமாமே" என்று ஹோம் கார்டில் போட்டார்கள். தானாக வரிசையில் நின்றபோது அடித்தார்கள், அவர்களே நிற்கச் சொன்னபோது டீ கொடுத்தார்கள் என்பார்.

விசில் சர்க்கார் கொடுத்ததா? நம்பர் ஏதாவது குத்தியிருக்கிறதா பாருங்கள்.

ஈப்போ ரோடு மச்சான்:

எங்கள் தாத்தாவும் ஹோம் கார்டுதான். அவர் குறட்டைச் சத்தத்துக்கே காட்டுக்காரன் கிட்ட வரவில்லை என்பது குடும்ப வரலாறு. வேறு தகவல் இல்லை.

ஜார்ஜ்டவுன் வழிகாட்டி:

நான் சுற்றுப்பயணிகளை அழைத்துப் போகிற வேலையில் இருக்கிறேன். பினாங்கில் பாடாங் கோத்தா மைதானத்தில் போர் நினைவுத்தூண் முன்னால் ஒரு ஆஸ்திரேலியப் பெரியவரைச் சந்தித்தேன். அவருடைய அப்பா முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவராம். இரண்டாவது போர் வந்தபோது வயது கடந்துவிட்டது, பட்டாளத்தில் எடுக்கவில்லை. 1940 ஜூலையில் அங்கே முன்னாள் படைவீரர் சங்கமே முன்னின்று, இப்படி வீட்டில் உட்கார்ந்திருந்த பழைய சிப்பாய்களைத் திரட்டி ஒரு தொண்டர் பாதுகாப்புப் படை அமைத்திருக்கிறது. அந்த வருஷம் மே மாதம் இங்கிலாந்தில் ஆரம்பித்த ஹோம் கார்டைப் பார்த்துத்தான். பிறகு அது கிட்டத்தட்ட 1 லட்சம் பேராக வளர்ந்தது. "அப்பா கைக்கு முதலில் வந்தது துடைப்பக் கட்டை" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் அவருக்கு என் தாத்தாவின் அண்ணன் கதையைச் சொன்னேன். அவர் பினாங்கு வாலண்டியர் என்ற உள்ளூர்த் தொண்டர் படையில் இருந்தவர். 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் டவுனில் குண்டு போட்டன. ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதே விழுந்தது. 16ஆம் தேதி ராத்திரியோடு வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். உள்ளூர் வாலண்டியர்களில் பலர் குடும்பத்தை விட்டுப் போகவில்லை, பெரிய தாத்தாவும் அப்படியே தங்கிவிட்டார். காலையில் எழுந்தால் ஊரில் அரசாங்கமே இல்லை. கடைகளை உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, யாழ்ப்பாணத் தமிழர், எல்லா இனத்துப் பெரியவர்களையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்தார். கோட்டைக் கம்பத்தில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியதும் அவர்தான். அதற்கு மேலும் குண்டு விழாமல் இருக்கட்டும் என்று.

ஊரைக் காக்கத் தொண்டர்களை நிறுத்தினார்கள். பெரிய தாத்தா உடுப்பைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டு, வேட்டியோடு, கையில் பட்டையான துணி கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றார். ஜப்பான்காரன் வந்தது 19ஆம் தேதி. அந்த இரண்டு ராத்திரிதான் வாழ்க்கையிலேயே தான் உண்மையாகக் காவல் காத்தது என்பார். சம்பளம் கொடுத்த நாளில் பீரங்கிக்குப் பாலிஷ் போட்டதோடு சரியாம்.

ஆஸ்திரேலியர், "அவர் பெயர் இந்தத் தூணில் இருக்கிறதா?" என்று கேட்டார். எங்கே இருக்கும், அவர் சர்க்கரை வியாதியில் 1974இல் செத்தவர்.

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கொழுக்கட்டைக் கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கூலிம் ஆள் கேட்டதற்குப் பதில். விசிலில் நம்பர் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் விசாரித்தேன், அது சர்க்கார் சாமானே இல்லையாம். தோட்டத்தில் பந்து விளையாட்டுக்கு ரெப்ரியாக நின்ற அதே கிராணியுடையது. காவலுக்கு வேண்டும் என்று துரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். 1960இல் அவசரகாலம் முடிந்து துப்பாக்கி, தோட்டா எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் கிராணி வீடு தேடி வந்து, "என் விசில் எங்கேப்பா?" என்று கேட்டாராம். தாத்தா, "அது எப்பவோ தொலைஞ்சு போச்சுங்க" என்றாராம்.