சொந்தச் சேர்வருக்கு மலிவான கோலொகேஷன்: யாழ்ப்பாணத்திலையிருந்து நடத்திற ஆக்களின் அனுபவப் பகிர்வு

வடலி:
வீட்டிலை ஓடுற சொந்தச் சேர்வரை டேற்றா சென்ரரிலை வாடகை இடத்துக்கு மாத்த (அதுதான் கோலொகேஷன்) யோசிக்கிற ஆக்கள் இஞ்சை கூடிக்கொண்டு வருகினம். படங்கள், மெயில், நெக்ஸ்ட்கிளவுட் (சொந்தமா நடத்திற கோப்புக் களஞ்சியம்), ஒரு சனசமூக நிலையத்தின்ரை தளம், இவ்வளவும் ஓடினால் காணும். றாக் எண்ட சேர்வர் அடுக்கிலை ஒரு யூ (ஒரு மெல்லிய சேர்வரின்ரை உயரம்) இடம் எடுக்கிறதெண்டால் என்னத்தைக் கேக்கவேணும், காசு எங்கை ஒழுகும், அங்கை போகாமலே மெசினை எப்பிடி நடத்திறது? தெரிஞ்ச ஆக்கள் கணக்கோடை சொல்லுங்கோ.

கொக்குவில்_கேபிள்:
வாடகையைப் பார்க்க முதல் வாட்டைப் பாருங்கோ. ஒரு யூ எண்டு விளம்பரத்திலை போட்டிருக்கிற மலிவு விலைக்குள்ளை பெரும்பாலும் அரை அம்பியர்தான் அடங்கும். 230 வோல்ற்றிலை அது 115 வாட். ரெண்டு சிபியு உள்ள டெல் ஆர்630 மாதிரி மெசின் சும்மா நிக்கேக்கையே அந்த எல்லையைத் தொடப்பாக்கும். வேலை குடுத்தால் தாண்டிப்போடும். தாண்டினால் மேலதிகக் கட்டணம், இல்லாட்டி பிரேக்கர் விழும். ஒரு சிபியு உள்ள டெல் ஆர்230, சியோன் ஈ3 சிபியு வகையறா உங்கடை தேவைக்குக் காணும்.

பிளக்கிலை செருகிற வாட் மீற்றர் ஒண்டு வாங்கி மூண்டு அளவு எடுங்கோ: போட்ட உடனை விசிறி முழு வேகத்திலை சுத்தேக்கை, சும்மா நிக்கேக்கை, ஸ்ட்ரெஸ்-என்ஜி எண்ட சுமை குடுக்கிற மென்பொருளைப் போட்டு அரை மணித்தியாலம் ஓடினாப் பிறகு. இடம் எடுக்கவேண்டியது மூண்டாவது அளவுக்கு. தந்த அம்பியரிலை 80 வீதத்துக்கு மேலை போகவேண்டாம். ஒரு அம்பியர் எண்டால் 184 வாட்டோடை நிப்பாட்டுங்கோ. வீட்டிலை மீற்றர் காட்டிற அம்பியரை நம்பாமல் வாட்டை மட்டும் குறிச்சு வையுங்கோ. வோல்ற்றேஜ் இறங்கேக்கை அதே வேலைக்குப் பவர் சப்ளை கூட அம்பியர் இழுக்கும், அதாலை அம்பியர் கணக்குப் பிழைக்கும்.

வீட்டிலை வைச்சால் என்ன செலவு எண்டும் பார்த்துக்கொள்ளுங்கோ. 100 வாட் மெசின் 30 நாள் ஓடினால் 72 யூனிற். வீட்டுக் கட்டணம் படிபடியா ஏறுறது, அந்த 72 யூனிற் உங்கடை பில்லின்ரை ஆக மேல் படியிலை போய் நிக்கும். யூ.பி.எஸ். பற்றரியும் இருக்கு. ஈயப் பற்றரிக்கு 25 பாகைக்கு மேலை ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும், எங்கடை சூட்டிலை அது கெதியா முடிஞ்சிடும். இதெல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தால் கோலொகேஷன் வாடகை நினைச்ச அளவு பாரமாத் தெரியாது.

நாவற்குழிச்_சந்தி:
எங்கை வைக்கிறது எண்டதை ஆர் பாவிக்கினம் எண்டதுதான் தீர்மானிக்கும். பைபருக்குள்ளை ஒளி ஒரு மில்லிசெக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் போகும். யாழ்ப்பாணம் கொழும்பு 400 கிலோமீற்றர் எண்டு வைச்சால் போய்வர ஆகக் குறைஞ்சது 4 மில்லிசெக்கன். கொழும்பிலையிருந்து சிங்கப்பூர் 2,700 கிலோமீற்றர் பக்கம், 27க்குக் கீழை வராது. பிராங்பேர்ட் நேர்கோட்டிலையே 8,000, கடல் கேபிள் சுத்திப் போறதாலை போய்வர 150 மில்லிசெக்கன் பக்கம் நிக்கும். படம் பார்க்க அது போதும், ஆனா ரிமோட் டெஸ்க்டொப்புக்கு எரிச்சல் வரும்.

பாவிக்கிற ஆக்கள் இஞ்சை எண்டால் கொழும்பு. பாதிப்பேர் ரொறன்ரோவிலையும் லண்டனிலையும் எண்டால் சேர்வரை இஞ்சையிருந்து அனுப்பாதேங்கோ. கப்பல் கூலி, அங்கத்தைச் சுங்கம், வரி எல்லாம் சேர்த்தால் பழைய சேர்வரின்ரை விலையை முட்டிப்போடும். அங்கை இருக்கிற சொந்தக்காரர் அங்கையே பாவிச்ச மெசின் ஒண்டு வாங்கிக் கொண்டுபோய்க் குடுக்கட்டும். டேற்றா சென்ரரின்ரை அனுமதிப் பட்டியலிலை அவற்றை பேரையும் போடுங்கோ.

கொழும்பிலை ரெண்டு விசயம் கட்டாயம் கேளுங்கோ. ஒண்டு, உள்நாட்டு பான்ட்வித்தும் வெளிநாட்டு பான்ட்வித்தும் ஒரே அளவோ, பிரிச்சுத் தாறீங்களோ எண்டு. 100 எம்பி (செக்கனுக்கு 100 மெகாபிற்) போட் எண்டு சொல்லி, வெளிநாட்டுக்குச் சில எம்பி மட்டும் தாற திட்டங்கள் இருக்கு. மற்றது ரீசெல்லர். பெரிய டேற்றா சென்ரரிட்டை நேரா ஒரு யூ எடுக்கிறது கஷ்டம், கால் றாக், அரை றாக் எண்டுதான் பேச்சுத் தொடங்கும். ஒரு யூ தாறவர் முழு றாக்கையும் எடுத்துப் பிரிச்சு விக்கிறவர். அவர் காசு கட்டாட்டி முழு றாக்கும் பூட்டுப்படும், உங்கடை மெசினும் உள்ளுக்கை. ஒப்பந்தத்திலை சேர்வரின்ரை சீரியல் நம்பரை எழுதி, அது உங்கடை சொத்து எண்டு ஒரு வரி போடச் சொல்லுங்கோ. மாட்டன் எண்டு சொல்லுறவரிட்டை வைக்கவேண்டாம்.

மாதகல்_கடற்காற்று:
பான்ட்வித் பில்லைப் பற்றி ஆரும் சொல்லேல்லை. 95ஆம் சதமானம் எண்டு போட்டிருந்தால் கணக்கு இப்பிடி: 5 நிமிசத்துக்கு ஒருக்கா வேக அளவு, 30 நாளுக்கு 8,640 அளவு. அதிலை உச்சமான 5 வீதம், 432 அளவு, கழிஞ்சுபோகும். அதாவது மாதத்திலை 36 மணித்தியாலம் எவ்வளவு வேகம் போனாலும் காசு இல்லை. ஆக வேகமான நேரத்தை முதல் வைச்சு வரிசைப்படுத்தினால், அந்த 36 மணித்தியாலம் கழிஞ்ச உடனை வாற வேகம்தான் முழு மாதத்துக்கும் பில்.

இராப் பேக்கப்பிலைதான் ஆக்கள் மாட்டுப்படுகினம். நாளுக்கு ஒண்டரை மணித்தியாலம் 100 எம்பியிலை பேக்கப் போனால் மாதம் 45 மணித்தியாலம். 36ஐத் தாண்டிற்று, பில் 100 எம்பிக்கு வரும். கோப்புப் பிரதி எடுக்கிற ஆர்சிங் நிரலிலை வேக எல்லை போட்டு 20 எம்பியோடை விடிய விடிய ஓட விடுங்கோ, பில்லும் 20 எம்பியோடை நிக்கும். மாதத்துக்கு இத்தனை ரெராபைற் எண்ட திட்டம் எண்டால் கணக்கு லேசு: 1 ரெராபைற் எண்டது மாதம் முழுக்க 3 எம்பி சராசரி. தனி ஆளின்ரை மெயிலுக்கும் படத்துக்கும் அது தாராளம்.

ஐ.பி. கணக்கையும் கவனியுங்கோ. சிலாஷ் 29 (/29) எண்ட ஐ.பி. தொகுதி தந்தால் 8 முகவரி, நெற்வேர்க், புரோட்காஸ்ற், கேற்வே போக மிச்சம் 5. மெயில் ஓடவேணும் எண்டால் மெயில் போற 25ஆம் போட் திறந்திருக்கோ, ரிவேர்ஸ் டிஎன்எஸ் (ஐ.பி.யிலையிருந்து பேரைக் காட்டிற பதிவு) நீங்கள் சொல்லுற பேருக்குப் போட்டுத் தருவினமோ எண்டு கையெழுத்துக்கு முதல் கேளுங்கோ. ரிவேர்ஸ் பேர் சரியா இல்லாட்டி ஜிமெயில் உங்கடை கடிதத்தை எடுக்காது.

நல்லூர்_றூற்:
வடலி, நீங்கள் கேட்ட அங்கை போகாமல் நடத்திற விசயத்துக்கு வாறன். கொழும்புக்கு 400 கிலோமீற்றர் போய் ஒரு பட்டன் அமத்திற செலவைத் தவிர்க்கிறதுதான் மலிவான கோலொகேஷன். டெல் எண்டால் ஐடிராக் எண்ட தூரக் கட்டுப்பாட்டு வசதிக்கு என்ரர்பிறைஸ் லைசன்ஸ் இருக்கோ எண்டு வாங்கேக்கையே பாருங்கோ. எக்ஸ்பிறஸ் எண்டால் மெசினின்ரை திரை தூரத்திலையிருந்து தெரியாது. எச்பியிலை அதே மாதிரியான ஐலோவுக்கு அட்வான்ஸ்ட் லைசன்ஸ் இல்லாட்டி, பயோஸ் (மெசின் தொடங்கிற முதல் கட்டம்) முடிஞ்சு ஒபறேற்றிங் சிஸ்ரம் தொடங்கின உடனை திரை நிண்டுபோகும். சூப்பர்மைக்ரோ திரையைச் சும்மாவே காட்டும், அதாலை பாவிச்ச மெசின் வாங்கிற ஆக்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவன்.

இந்தத் தூரக் கட்டுப்பாட்டுப் போட்டைப் பொது இன்ரர்நெற்றிலை திறந்து விடக்கூடாது. அதிலை பாவிக்கிற ஐபிஎம்ஐ 2.0 எண்ட நெறிமுறையின்ரை வடிவமைப்பிலையே ஓட்டை இருக்கு: பேர் தெரிஞ்ச ஆருக்கும் கடவுச்சொல்லின்ரை ஹாஷை (உடைச்சுக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கக்கூடிய குறியீடு) தூக்கிக் குடுக்கும். டேற்றா சென்ரர் விபிஎன் தருமெண்டால் அதுக்குப் பின்னாலை வையுங்கோ. தராட்டி, உங்கடை வீட்டு ஐ.பி. நிலையானது இல்லை எண்டதாலை, ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கிற மெய்நிகர் சேர்வர்) எடுத்து அதின்ரை ஐ.பி.யிலையிருந்து மட்டும் விடச் சொல்லிக் கேளுங்கோ.

அனுப்ப முதல் பயோஸிலை கரண்ட் வந்தால் தானாத் தொடங்கிற அமைப்பைப் போடுங்கோ. மதர்போட்டிலை இருக்கிற சிஆர்2032 பொத்தான் பற்றரியைப் புதுசா மாத்துங்கோ. அது செத்தால், கரண்ட் போற நேரம் பயோஸ் அமைப்பெல்லாம் அழிஞ்சு, மெசின் எழும்பாமல் கிடக்கக்கூடும். நெற்வேர்க் மாத்தேக்கை நெட்பிளான் டிரை (உபுண்டுவிலை புது அமைப்பைச் சோதிச்சுப் பார்க்கிற கட்டளை) பாவியுங்கோ, 120 செக்கனுக்குள்ளை நீங்கள் உறுதிப்படுத்தாட்டி பழையதுக்குத் திரும்பிப்போகும்.

இணுவில்_வயல்:
மினி பிசி வைக்கலாமோ? இன்ரெல் என்100 சிபியு உள்ளது ஒண்டு கையிலை இருக்கு, கரண்டும் குறைவு.

நல்லூர்_றூற்:
வைக்கலாம் தம்பி, ஆனா றாக்கிலை அதை வைக்கிற தட்டுக்குக் காசு தனியக் கேப்பினம், வெளியிலை தொங்கிற அடப்டரைச் சில இடங்கள் எடுக்காது. என்100இலை தூரக் கட்டுப்பாடு ஒண்டும் இல்லை. பைகேவிஎம் மாதிரி, திரையையும் கீபோட்டையும் தூரத்திலையிருந்து பாவிக்க விடுற பெட்டி ஒண்டு பூட்டினால் அதுக்கும் ஒரு ஐ.பி., ஒரு பிளக் வேணும். அதைவிட இன்ரெல் விபுரோ உள்ள பழைய லெனோவோ திங்க்சென்ரர் ரைனி நல்லம், அதிலை இருக்கிற ஏ.எம்.ரி. (AMT) எண்ட தூரக் கட்டுப்பாட்டு வசதியாலை திரையும் பட்டனும் உள்ளுக்கையே வரும்.

கொக்குவில்_கேபிள்:
ரெண்டு பவர் சப்ளை உள்ள மெசின் எண்டால் ரெண்டையும் வேறை வேறை லைனிலை செருகச் சொல்லி எழுத்திலை குடுங்கோ. ஒரே பிளக் பட்டையிலை ரெண்டையும் செருகிவிட்டால் ரெண்டு இருந்தும் பலன் இல்லை.

மயூரி_சண்டிலிப்பாய்:
டிஸ்க் பற்றி நான் சொல்லுறன். கொழும்பிலை கம்பியூட்டர் கடைகள் உள்ள பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாப் பக்கம் வாங்கின மெசினை நேரா டேற்றா சென்ரருக்குக் கொண்டுபோகாதேங்கோ. முதல் மெமறியைச் சோதிக்கிற மெம்ரெஸ்ற் நாலு சுற்று, எல்லா டிஸ்குக்கும் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே பார்க்கிற) நீளச் சோதனை, ஒரு நாள் முழுச் சுமை. பழைய சாஸ் (சேர்வருக்கான வகை) டிஸ்குகள் சிலது 520 பைற் செக்ரரிலை இருக்கும், லினக்ஸ் கண்டுபிடிக்கும், ஆனா பாவிக்கேலாது. எஸ்ஜி ஃபோர்மட் எண்ட கட்டளையாலை 512க்கு மாத்தவேணும், ஒரு டிஸ்குக்கு மணித்தியாலக் கணக்கா எடுக்கும்.

ரெண்டு டிஸ்க் மிரர் (ஒரே தரவு ரெண்டிலையும்), மூண்டாவது ஒண்டு சும்மா செருகி வையுங்கோ. ஒண்டு செத்தால் ஆளை அனுப்பாமல் இஞ்சையிருந்தே மாத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு டிஸ்க் தட்டின்ரை முகப்பிலையும் சீரியலின்ரை கடைசி 4 இலக்கத்தைப் பெரிசா ஒட்டுங்கோ. அங்கை கழட்டிற ஆளுக்கு "இடப்பக்கம் ரெண்டாவது" எண்டு எழுதினால் நல்ல டிஸ்கைக் கழட்டுற சந்தர்ப்பம் கூட. டேற்றா சென்ரர் ஆக்களின்ரை வேலைக்கு அரை மணித்தியாலக் கணக்கிலைதான் காசு, ரெண்டு நிமிச வேலைக்கும் அரை மணித்தியாலம் விழும்.

கொண்டுபோகேக்கை டிஸ்குகளைக் கழட்டித் தனிப் பையிலை கையோடை வைச்சிருங்கோ, மெசினை ரெண்டு பெட்டிக்குள்ளை ஃபோம் போட்டு. ரெயில் எண்டால் குலுக்கம் பஸ்ஸைவிடக் குறைவு. மெசினை றாக்கிலை பூட்டுற சட்டங்களை மறக்கவேண்டாம். றாக்கின்ரை ஓட்டை சதுரமோ வட்டமோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ.

நாவற்குழிச்_சந்தி:
விலை ஒப்பிடேக்கை மாத வாடகையை மட்டும் வைக்காமல் 36 மாதத்துக்குக் கூட்டுங்கோ: மெசின், றாக்கிலை பூட்டிவிடுற கூலி, 36 வாடகை, ரெண்டு டிஸ்க், நாலைஞ்சு தரம் அரை மணித்தியால வேலை. 2024 ஜனவரியிலையிருந்து வற் 18 வீதம், சொல்லுற விலைக்குள்ளை அது இருக்கோ எண்டு கேளுங்கோ. டிஸ்க் இடம் 500 ஜிபிக்குக் கீழை காணும் எண்டால் விபிஎஸ்தான் மலிவு. பல ரெராபைற் தேவைப்படுற ஆளுக்குத்தான் கோலொகேஷன் காசைத் திருப்பித் தரும்.

ஒப்பந்தத்திலை 99.9 வீத நேரம் ஓடும் எண்டு போட்டிருந்தால் மாதம் 43 நிமிசம் நிக்கலாம் எண்டு அர்த்தம். அதுக்கு மேலை நிண்டால் வாடகையிலை கொஞ்சம் கழிப்பினம், வேறை நட்டத்துக்குப் பொறுப்பில்லை. அதாலை பேக்கப் இன்னொரு இடத்திலை இருக்கவேணும், யாழ்ப்பாணத்து வீட்டிலை ஒரு டிஸ்க் எண்டாலும் பரவாயில்லை.

மயூரி_சண்டிலிப்பாய்:
வெளிய எடுக்கிற விதியையும் ஒப்பந்தத்திலை பாருங்கோ. பொதுவா 30 நாள் முன்னறிவித்தல், பாக்கி இருந்தால் மெசினைத் தராமல் வைச்சிருக்கிற உரிமை அவைக்கு இருக்கும். வாசலிலை வெளியேற்றச் சீட்டு சீரியல் நம்பரோடை வேணும், உள்ளுக்கை போகேக்கையே அந்த நம்பரைப் பதிவிச்சு ஒரு பிரதி வாங்கி வையுங்கோ. ஆளை அனுப்பி எடுப்பிக்கிறதெண்டால் அவற்றை அடையாள அட்டை இலக்கத்தோடை கடிதம் முதல் நாளே போகவேணும்.