கலைச்சொல் வேணும்: பக்கம் லோடு ஆகுறப்ப குதிக்குதே, அதுக்கு என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு துணிக்கடையோட ஆன்லைன் சைட்டைப் பாத்து நிறைகுறை எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. ஈரோடு பக்கம், காட்டன் சேலை, சுடிதார் மெட்டீரியல், நைட்டி, குழந்தைங்க துணின்னு விக்கிறவங்க, கடை பேரு வேணாம். படிக்கப்போறது ஓனரும் அவரு வீட்டம்மாவும்தான், தமிழ்லயே குடுங்க தம்பின்னு சொல்லிட்டாங்க, சரின்னு முழுசா தமிழ்ல எழுதிக்கிட்டு வர்றேன். தேடல், படத்தோட எடை, சைஸ் அட்டவணை, இதெல்லாம் பிரச்சினையில்லாம ஓடிருச்சு. ஒரே ஒரு எடத்துல வண்டி நிக்குது. இங்கிலீஷ்ல லேஅவுட் ஷிஃப்ட்ங்கிறாங்களே, அது.

பழக்கமில்லாதவங்களுக்கு: போன்ல ஒரு சேலையத் தொறக்குறீங்க. படம், பேரு, விலை, அடுத்து "இப்பவே வாங்கு", அதுக்குக் கீழ "கூடையில் போடு". இன்னும் ரெண்டு சேலை பாக்கலாம்னு கட்டைவிரலக் கூடை பட்டனுக்குக் கொண்டு போறீங்க, சரியா அந்த நேரத்துல மேலேர்ந்து "முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி"ன்னு ஒரு செவப்புப் பட்டை எறங்குது, மொத்தப் பக்கமும் ஒரு விரக்கடை கீழ போகுது, உங்க விரல் விழுறது "இப்பவே வாங்கு" மேல. பணம் கட்டுற பக்கம் வந்து நிக்குது. நம்ம பிள்ளைங்கன்னா பேக் அடிச்சு வந்துருவாங்க, அம்மாமாருங்க "அய்யோ காசு போயிருச்சா"ன்னு போனையே கீழ வச்சுருவாங்க.

இந்தக் கடையில இது மூணு எடத்துல நடக்குது. அந்தப் பட்டை ஒண்ணு. ரெண்டாவது படங்க: போட்டோகிராபர் குடுத்த ஃபைல அப்படியே ஏத்தி வச்சிருக்காங்க, 4000 பிக்சல் அகலம், லிஸ்ட்ல அது வந்து உக்கார்ற கட்டம் 180 பிக்சல், அதுவும் அகலம் உயரம் எதுவும் கோடுல சொல்லல, அதனால படம் வர்ற வரைக்கும் அங்க எடமே இல்ல, வந்ததும் கீழ இருக்குறதெல்லாம் தள்ளிக்கிட்டுப் போகுது. மூணாவதுதான் நம்மாளுங்களுக்கே உள்ளது, தமிழ் ஃபாண்ட். முதல்ல போன்ல இருக்குற ஃபாண்ட்ல பேரு வருது, கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க ஆசையா வச்ச ஃபாண்ட் எறங்குது, அது அகலமான எழுத்து, "மாம்பழ மஞ்சள் கட்டம் போட்ட காட்டன் சேலை"ங்கிற பேரு ரெண்டு வரியிலேர்ந்து மூணு வரியாயிருது. லிஸ்ட்ல எல்லா சேலைக்கும் இப்படி ஆச்சுன்னா என்னாகும்னு நெனச்சுப் பாருங்க.

"தளவமைப்பு நகர்வு"ன்னு எழுதிப் பாத்தேன், செத்த சொல்லா இருக்கு. லேஅவுட்னே விட்டுரலாம்னா எங்க பக்கம் லேஅவுட்னா மனைப்பிரிவு, சைட்டுன்னாலும் மனைதான், "சைட்டுல லேஅவுட் ஷிஃப்ட் ஆகுது"ன்னு எழுதினா பத்திரத்தை எடுத்துக்கிட்டு ஓடி வருவாங்க. நல்ல சொல்லா சொல்லுங்க.

திருப்பூரிலிருந்து

————

அன்புள்ள குழுவினருக்கு,

மூணு சொல் தோணுது. பக்கத் தாவல், பக்கத் துள்ளல், பக்கப் பெயர்ச்சி. துள்ளல் யாப்புல இருக்கிற சொல், வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளலோசை. கன்று துள்ளுறாப்ல விட்டு விட்டு வர்ற ஓசைன்னு சொல்லுவோம், இந்தப் பக்கமும் நீங்க சொல்றதைப் பாத்தா அப்படித்தான் பண்ணுது. பெயர்ச்சிக்கு இன்னும் வலு உண்டு, பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்துலயே இடப்பெயர்ச்சின்னு இருக்கு, பிள்ளைகளுக்குப் பழகின சொல். எனக்கு அதுலதான் மனசு.

மதுரையிலிருந்து

————

> பக்கத் தாவல், பக்கத் துள்ளல், பக்கப் பெயர்ச்சி

ஐயா, தாவல் வேணாம், பிரவுசர்ல டேப்புக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே வச்சாச்சு. துள்ளல் நல்ல சொல்லு, ஆனா அதுல சந்தோஷம் ஜாஸ்தி, கடைக்காரருக்கு "உங்க பக்கம் துள்ளுது"ன்னு எழுதினா பாராட்டுன்னு எடுத்துக்குவார். பெயர்ச்சின்னா நம்ம ஊர்ல சனியும் குருவும்தான் முன்னாடி வந்து நிப்பாங்க. யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், குலுக்கலும் கூடாது, துணிக்கடையில குலுக்கல்னா ஆடித் தள்ளுபடிக்கு ஸ்கூட்டி பரிசு. அதிர்வுன்னா போன் வைப்ரேட் ஆகுறது.

சொல்லைத் தேடுறதுக்கு முன்னாடி எதுக்குப் பேரு வைக்கிறோம்னு கொஞ்சம் பாத்துக்கலாம், ஏன்னா இது வெறும் வர்ணனை இல்ல, அளவும் கூட. கூகுள் 2020ல, ஒரு பக்கம் பாக்குறவங்களுக்கு எப்படி இருக்குன்னு அளக்க, கோர் வெப் வைட்டல்ஸ்னு மூணு அளவைக் கொண்டு வந்தாங்க இல்லையா, அதுல சிஎல்எஸ் (குமுலேட்டிவ் லேஅவுட் ஷிஃப்ட்) இதுதான். கணக்கு சிம்பிள். திரையில எவ்வளவு பாகம் பாதிக்கப்பட்டுச்சு, அது எவ்வளவு தூரம் நகந்துச்சு, ரெண்டையும் பெருக்கணும். நீங்க சொன்ன செவப்புப் பட்டையையே எடுத்துக்குவோம்: திரை உயரம் 800 பிக்சல்னு வைங்க, மேல 80 பிக்சல் தலைப்பு அசையல, மீதி 720 ஆட்டம் காணுது, அது 0.9. நகந்தது 120 பிக்சல்னா 120ஐ 800ஆல வகுத்தா 0.15. பெருக்கினா 0.135. நல்ல பக்கத்துக்கு 0.1க்குள்ள இருக்கணும், 0.25ஐத் தாண்டினா மோசம். அதாவது ஒரே ஒரு கூப்பன் பட்டை, அதுலயே கூகுள் போட்ட 0.1 கோட்டைத் தாண்டியாச்சு, படமும் ஃபாண்ட்டும் இன்னும் வரவே இல்ல.

இன்னொண்ணு முக்கியம். ஆள் தொட்டதுக்கு அப்புறம் அரை செகண்டுக்குள்ள வர்ற நகர்வை இந்தக் கணக்குல சேக்க மாட்டாங்க. "சைஸ் அட்டவணை"ன்னு தொட்டா கீழ விரியுது, அப்ப மத்ததெல்லாம் தள்ளிப் போறது நாம கேட்டு நடந்தது. அதனால "நகர்வு"ன்னு பொதுவா வச்சா தப்பு, கேக்காம நடக்குறதுங்கிற குறை அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கணும்.

என் ஓட்டு நழுவலுக்கு. பட்டன் நழுவுது, பக்க நழுவல், நழுவல் அளவு, எல்லாம் வருது. வியாபாரம் கைநழுவிப் போகுதுன்னு ஓனருக்கும் சுருக்குன்னு தைக்கும்.

சென்னையிலிருந்து

————

வணக்கம்,

முதல்ல ஒண்டு சொல்லிப்போட்டு வாறன். பெயர்ச்சி, பெயர்வு எண்டு போகாதேங்கோ. எங்களுக்கு இடப்பெயர்வு எண்டால் 95ஆம் ஆண்டு ஐப்பசியில வலிகாமத்தை விட்டு மழைக்குள்ள நடந்தது. ஒரு உடுப்புக்கடைப் பக்கத்தில பட்டன் தள்ளிப்போறதுக்கு அந்தச் சொல்லைப் பாவிக்க எனக்கு மனம் வராது, வேற ஆக்களுக்கும் வராது.

நழுவல் கெட்ட சொல் இல்லை. ஆனா நழுவுறது அந்தப் பட்டன் மட்டும்தானே, பக்கம் முழுக்க ஆடுறதை அது சொல்லேல்ல. நாங்கள் இஞ்ச தளம்பல் எண்டு ஒரு சொல் வச்சிருக்கிறம், விலைத் தளம்பல் எண்டு பேப்பரில கூட எழுதுறவை, ஒரு நிலையில நிக்காமல் அங்கையும் இஞ்சையும் போறது. நிறைகுடம் தளம்பாது எண்டு உங்கட பக்கமும் சொல்லுவியள்தானே? இந்தப் பக்கம் ஏன் ஆடுது, அரைகுறையா வந்திருக்கிறபடியால் ஆடுது. முழுக்க வந்து நிரம்பினாப் பிறகு அசையாது. காரணமும் சொல்லுக்குள்ளயே கிடக்குது. தளம் தளம்புது எண்டு சொல்லிப் பாருங்கோ, வாய்க்கும் நல்லாத்தான் இருக்குது.

யாழ்ப்பாணத்திலிருந்து

————

அருமை. பெயர்ச்சியை நான் திரும்ப எடுத்துக்கிறேன், வேண்டாம்.

எங்க பக்கம் "நிறைகுடம் தளும்பாது"ன்னு உகரம் வரும். அகராதியில தளம்பு, தளும்பு ரெண்டு வடிவமும் இருக்கு, ததும்புதலும் பக்கத்து வீட்டுச் சொல்தான். ஒண்ணை மட்டும் கவனிக்கணும், தமிழ்நாட்டுல தளும்புறதுன்னா நிரம்பி வழியிற பொருளும் சேந்து வரும், கண்ணுல நீர் தளும்புறது மாதிரி. தளம்பல்னே வச்சா அந்தக் குழப்பம் வராது.

மதுரையிலிருந்து

————

> காரணமும் சொல்லுக்குள்ளயே கிடக்குது

இது நல்ல வாதம்தான், ஆனா முழுசா சரியில்ல. பாதி லோடுனால மட்டும் இது வர்றதில்ல. எல்லாம் வந்து முடிஞ்ச அப்புறமும், நீங்க பாட்டுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கும்போது, "மதுரையில ஒருத்தர் இப்பத்தான் இந்தச் சேலைய வாங்கினார்"னு ஒரு டப்பா எட்டிப் பாக்குமே, அதை மேல மிதக்க விடாம பக்கத்துக்கு நடுவுல சொருகினா அப்பவும் ஆடும். நிறைகுடமும் தளும்புற கேஸ் அது. சரி, கலைச்சொல்லுன்னா அவ்வளவு பொருத்தம் பாக்க முடியாது, பேருக்கும் பொருளுக்கும் ஜாதகமா பாக்குறோம்.

ஆனா தனிச் சொல் கட்டாயம் வேணுங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. லண்டன்ல பூ டாட் காம்னு ஒரு துணிக்கடை, 1999 நவம்பர்ல தொறந்து 2000 மே மாசம் மூடினாங்க, ஆன்லைன் துணி வியாபாரத்துக்கு முன்னோடின்னே சொல்லலாம், துணியைச் சுத்திச் சுத்திக் காட்டுறது, மிஸ் பூன்னு ஒரு பொம்மைப் பொண்ணு வந்து பேசுறதுன்னு ஏகப்பட்டது வச்சிருந்தாங்க, 56கே மோடத்துல அது எறங்குறதுக்குள்ள வாங்க வந்தவன் போயிருவான். அது மூடினதுக்கு வேற காரணமும் இருக்கு, பணத்தைத் தண்ணியா எறைச்சாங்க, அது தனிக் கதை. அன்னிக்கு எல்லாத்துக்கும் ஒரே சொல் இருந்துச்சு, ஸ்லோ.

இன்னிக்கும் கடைக்காரங்க அதையேதான் சொல்றாங்க. "சைட் ஸ்லோவா இருக்கு." ஓனர் அப்படிச் சொன்னதும் ஹோஸ்டிங் விக்கிறவன் பெரிய சர்வரா மாத்துங்கன்னு பில் போடுவான். 5 எம்பி படம் பெரிய சர்வர்லேர்ந்து வந்தாலும் 5 எம்பிதானே? அது பிரதான படம் பிந்தி வர்ற நோய், எல்சிபி, 2.5 செகண்டுக்குள்ள வரணும், படத்தைச் சின்னதாக்கி, எடை கொறஞ்ச வெப்பி ஃபார்மட்ல குடுத்தா பாதி சரியாயிரும். தொட்டா பதில் சொல்லாம முழிக்கிறது வேற நோய், ஐஎன்பி, 200 மில்லிசெகண்டுக்குள்ள பதில் வரணும், 2024 மார்ச்ல, முதல் தொடுதலை மட்டும் அளந்த பழைய எஃப்ஐடியைத் தூக்கிட்டு அதை வச்சாங்க, அதுக்கு ஜாவாஸ்கிரிப்டைக் கொறைக்கணும். இந்த ஆட்டம் மூணாவது, இதுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாமக் கூட இருக்கலாம், ஃபைபர் கனெக்‌ஷன்லயும் ஆடும். மூணுக்கும் மூணு பேரு இல்லைன்னா மூணுக்கும் ஒரே மருந்துதான் விப்பாங்க.

நழுவலை நான் முழுசா விடல. பக்கம் தளம்புது, அதனால பட்டன் நழுவுது. ரெண்டும் வேணும்.

சென்னையிலிருந்து

————

எல்லாருக்கும் நன்றி, அசந்துட்டேன். சென்னை அண்ணன் சொன்ன மாதிரியே ரெண்டையும் வச்சு எழுதி அனுப்பிட்டேன். எழுத்துல தளம்பல்னு வச்சுட்டு, வீட்டம்மாகிட்ட போன்ல பேசும்போது தளும்பல்னுதான் வாய்ல வந்துச்சு, அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அனுப்பினதுல அந்தப் பத்தி இது:

"உங்கள் கடைப் பக்கம் தளம்புகிறது. தளம்பல் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும், தள்ளுபடிப் பட்டை மட்டுமே அதைத் தாண்டி விடுகிறது. தளம்பும் நேரத்தில் பட்டன் விரலிலிருந்து நழுவி, வாங்க நினைக்காதவர் பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்விடுகிறார். பட்டைக்கு முதலிலேயே இடம் ஒதுக்குங்கள், அல்லது பக்கத்தைத் தள்ளாமல் அடியில் மிதக்க விடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் கோடில் எழுதுங்கள். தமிழ் எழுத்துருவைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு சேலைப் பெயர்களுக்குப் போனில் உள்ள எழுத்தையே விடுங்கள்."

அகலம் உயரம் எழுதுறது எதுக்குன்னு ஓனர் கேட்டாரு, பஸ்ல துண்டு போட்டு சீட் புடிக்கிற மாதிரின்னேன், அதுக்கு மேல ஒரு கேள்வி இல்ல. ஃபாண்ட் விஷயத்துலதான் கொஞ்சம் மனஸ்தாபம், அது அவங்க பொண்ணு தேடிப் புடிச்ச ஃபாண்ட்டாம். டெவலப்பர் பையன் ஃபாண்ட்டை எடுக்காமலே சைஸ்-அட்ஜஸ்ட்னு ஒண்ணு போட்டு, முதல்ல வர்ற எழுத்தையும் அதே அகலத்துக்குக் கொண்டு வந்துடலாம்னு சொல்றான், தமிழுக்கு அது எவ்வளவு ஒட்டி வரும்னு பாக்கணும், ஏன்னா நம்ம எழுத்துல "ணூ" ஒரு அகலம், "ர" ஒரு அகலம், ஒரே சதவீதத்துல எல்லாம் அடங்குமாங்கிறது சந்தேகம்.

வீட்டம்மா ரிப்போர்ட்டைப் படிச்சிட்டு போன் போட்டாங்க. "தம்பி, பின்கோடு போட்டதும் 'புதன்கிழமைக்குள் வரும்'னு ஒரு வரி வருதே, அதுவும் கீழ இருக்குறதத் தள்ளுதே, அதுவும் தளும்பல்தானே?"ன்னாங்க. நான் அதை எழுதவே இல்ல, அவங்களா கண்டுபுடிச்சிருக்காங்க. ஆனா பின்கோடு போட்டு பட்டனை அமுக்குறது வாங்க வந்தவங்கதான், பதில் அரை செகண்டுக்குள்ள வந்தா கணக்குல வராது, நெட் மெதுவா இருந்து ஒரு செகண்டு கழிச்சு வந்தா கணக்குல வந்துரும். இவங்க கூரியர்காரங்க சர்வர்லேர்ந்து கேட்டு வாங்குறாங்க, அது எப்பவும் லேட்டுதான். அந்த வரிக்கும் எடம் ஒதுக்கச் சொல்லிட்டேன்.

அடுத்து லேஸி லோடிங்குக்குச் சொல் வேணும், அதாவது படத்தை முதல்லயே எறக்காம, திரைக்குப் பக்கத்துல வர்றப்ப மட்டும் எறக்குறது, "சோம்பல் ஏற்றம்"னு ஒரு எடத்துல பாத்தேன், தயவு செஞ்சு அது வேணாம். கண்ணுல படுற முதல் சேலைப் படத்துக்கே அதைப் போட்டு வச்சிருக்காங்க, அதான் அந்தப் படம் கடைசியா வருது, ரிப்போர்ட்டோட ரெண்டாம் பாகத்துல அது வருது, வெள்ளிக்கிழமை குடுக்கணும்.

திருப்பூரிலிருந்து