பெயிண்ட் தெளிக்கிற பெல் (வேகமா சுத்துற கப்) ஓடிட்டு இருக்கும்போது, அதோட ஷாஃப்டை மிதக்க வைக்கிற பேரிங் ஏர் போயிட்டா என்ன ஆகும்னு நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா?

நைட்ஷிப்ட்_ஆபரேட்டர்
நான் பாத்துட்டேன், இன்னும் அந்த சத்தம் காதை விட்டுப் போகல. டாப் கோட் பூத், ரோபோ பெல், 40,000 ஆர்பிஎம். பேனல்ல பேரிங் ஏர் 6 பார், பச்சை லைட், அலாரம் கிலாரம் எதுவும் இல்ல. எப்பவும் வர்ற விசில் திடீர்னு கிரீச்சுனு மாறுச்சு, நான் எமர்ஜென்சி பட்டனுக்கு ஓடுறதுக்குள்ள டக்குனு நின்னே போச்சு. கப்பைச் சுத்த வைக்கிற டர்பைன் நல்லா இருந்தா, டர்பைன் ஏரை கட் பண்ணினாலும் ரொம்ப நேரம் சுத்தி சுத்தித்தான் நிக்கும், இது அப்படியே கவ்விக்கிச்சு. பூத்துக்குள்ள போய் கப்பைத் தொட்டுத் திருப்பினா மயிரிழை கூட அசையல. பேரிங் ஏர் மட்டும் இருந்தாலே விரலால லேசா தட்டினா போதும், அது பாட்டுக்கு சுத்தும்ல, அந்த சாமான் கல்லு மாதிரி நிக்குது. கழட்டிப் பாத்தா ரோபோ ரிஸ்ட்டுக்குள்ள பேரிங் ஏர் ட்யூப் மடிஞ்சிருக்கு. பிரஷர் ஸ்விட்ச் பேனல்ல, மடிப்பு ரிஸ்ட்டுல, அப்புறம் பிரஷர் குறைஞ்சா டர்பைனை நிறுத்த வேண்டிய இன்டர்லாக் எப்படித் தூக்கும்?

கன்வேயர்பக்கம்
எங்க கதை வேற. ஜாப்பை (பெயிண்ட் அடிக்கிற பொருளை) தொங்கவிடுற ஹேங்கர் ஹூக்குல பெயிண்ட் மேல பெயிண்டா படிஞ்சு தடிச்சுக் கிடந்துச்சு, யாரும் எரிக்கவும் இல்ல சுரண்டவும் இல்ல. ஜாப் பெல் முன்னாடி வரும்போது ஹூக் மாட்டுற இடத்துல டிக் டிக்னு நீலமா பொறி. சால்வென்ட் பெயிண்ட் ஓடுற பூத்துல! ஜாப்போட பின்பக்கம் சுத்திப் பிடிக்க வேண்டிய பெயிண்ட் பிடிக்கவே இல்ல, திரும்பி வந்து பெல்லோட உடம்பு மேலயே அப்பிக்கிச்சு. மெகர் (ரெசிஸ்டன்ஸ் அளக்கிற மீட்டர்) வச்சுப் பாத்தா 1 மெகா ஓம்முக்குள்ள இருக்க வேண்டிய எர்த் எங்கயோ போயிருச்சு.

கேவி_குமாரு
பாஸ், அதுக்கெல்லாம் காரணம் கேவி (பெயிண்டுக்கு சார்ஜ் குடுக்கிற கிலோவோல்ட்) அதிகமா வச்சது. 90ல ஓட்டினா பொறி வராம பூவா வரும்? 60க்கு இறக்குங்க.

கன்வேயர்பக்கம்
எர்த் இல்லாத ஜாப்புக்கு 60ம் ஒண்ணுதான் 90ம் ஒண்ணுதான் பாஸ், சார்ஜ் போக வழியில்லாம ஜாப்புலயே சேரும், அப்புறம் கிட்ட எது கிடைச்சாலும் குதிக்கும். குழி, உள்மூலைன்னா கேவியை இறக்குறதுல அர்த்தம் இருக்கு, ஓரத்துலயே பெயிண்ட் இழுத்துக்காம கொஞ்சமாவது உள்ள போகும். இங்க பிரச்சினை ஹூக்கு.

பழைய_பெயிண்ட்ஷாப்
தம்பிங்களா, என் அனுபவம் சின்னதுதான். வாட்டர்பேஸுக்கு மாறின புதுசுல கேவி ஏறவே மாட்டேங்குது, பாதியிலயே ட்ரிப். வாட்டர்பேஸ் கரண்ட் கடத்தும், லைன் வழியா பின்னாடி சப்ளை வரைக்கும் போயிரும், அதனால நடுவுல தனியா பிரிச்சு வைக்கிற சிஸ்டம் இருந்துச்சு. அந்த ஐசொலேஷன் ட்யூப் கழுவினதுக்கு அப்புறம் சரியா காயல, உள்சுவத்துல ஈரம் இருந்துச்சு, அந்த ஈரமே கேவியை இறக்கிட்டுப் போயிருக்கு. காத்து விடுற டைமைக் கூட்டினோம், முடிஞ்சது.

ஆனா இங்க எல்லாரும் கேவி, எர்த்னே பேசுறீங்க, கப்பை யாரும் பேசல. கப் விளிம்புல பொடிப்பொடியா பல்லு வெட்டிருக்கும் பாத்திருக்கீங்களா, பெயிண்ட் அங்கதான் நூல்நூலா பிரிஞ்சு துளியாகுது. அதுல கம்பி பிரஷ், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் படக் கூடாது. பல்லு ஒண்ணு நசுங்கினாலும் அந்த இடத்துல பெரிய துளி தெறிக்கும், பேலன்ஸும் போகும், அப்புறம் டர்பைன் சீக்கிரம் போச்சுன்னு அழக் கூடாது. மெல்லிசான பிரஷ், அந்த பெயிண்டுக்கான சால்வென்ட், அவ்வளவுதான். கீழ விழுந்த கப்பை கண்ணுக்கு நல்லாத்தான் இருக்குன்னு திரும்ப மாட்டவே மாட்டாதீங்க. பின்பக்கம் காஞ்ச பெயிண்ட் இருந்தாலும் ஆட்டம் வரும், ஷாஃப்ட்ல உக்கார்ற இடத்தை முதல்ல துடைங்க. அப்புறம் தெளிப்பை வடிவமாக்குற ஷேப்பிங் ஏர் ஓட்டைங்க, ஒண்ணு ரெண்டு அடைஞ்சாலே ஃபேன் (தெளிப்போட வடிவம்) ஒரு பக்கமா சாயும், மெட்டாலிக்ல உடனே ஷேட் பட்டை பட்டையா தெரியும், அதை ப்ரோக்ராம் தப்புன்னு ரோபோக்காரன் மேல போடுவாங்க. இன்னொண்ணு, டர்பைன் ஏரை நிறுத்தின உடனே பேரிங் ஏரையும் மூடுற பழக்கம்...

நைட்ஷிப்ட்_ஆபரேட்டர்
அண்ணே எல்லாம் சரி, நான் கேட்டது ட்யூப் மடிஞ்ச கதை 🙂

கேவி_குமாரு
அதுக்கு ரிட்டர்ன் லைன்தான் வழி. டர்பைன் கிட்ட இருந்து பேரிங் ஏரைத் திரும்ப ஒரு சின்ன ட்யூப்ல கொண்டுவந்து, ஸ்விட்ச்சை அந்த முனையில போடணும். வழியில எங்க மடிஞ்சாலும் பிரஷர் குறைஞ்சு டர்பைன் ஏர் கட் ஆகிரும்.

நைட்ஷிப்ட்_ஆபரேட்டர்
அதையேதான் எழுதிக் குடுத்திருக்கேன். பேனல்லயே இன்னொரு ஸ்விட்ச் சேர்த்தா போதும்னு மேல இருந்து பதில் வந்திருக்கு.