முடிச்சூரா, செம்பாக்கமா, கூடுவாஞ்சேரியா? எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: புதுவீடு_தேடல்

வணக்கம். 70 லட்சத்துக்குள் டபுள் பெட்ரூம் ஃப்ளாட் பார்க்கிறோம். எனக்கு வேலை கிண்டியில், மனைவிக்குச் சிறுசேரியில். சென்னைப் புறநகரில் முடிச்சூர், செம்பாக்கம், கூடுவாஞ்சேரி என மூன்று இடங்களில் வந்து நிற்கிறோம். மூன்று இடத்திலும் பில்டர்கள் "இங்கே தண்ணியே நிக்காது சார்" என்கிறார்கள். ஏரியாவை நாமே எப்படிச் சோதித்துப் பார்ப்பது? எந்தப் பத்திரத்தைக் கேட்பது, எதை அளந்து பார்ப்பது என்ற அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கலங்கல்

மேப்பைத் திறந்ததும் மெட்ரோ, மால் தேடாதீர்கள். முதலில் ஏரியைத் தேடுங்கள். தென்சென்னைப் புறநகர் முழுக்க ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலி. செம்பாக்கம் ஏரித் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. நீங்கள் பார்க்கும் மனை இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஒவ்வொரு ஏரிக்கும் மூன்று விஷயம் பாருங்கள்: கரை, மதகு, கலங்கல். மதகு வழியாகப் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டார்கள் என்றால், அந்தப் பக்கத்து நிலம் ஏரியைவிடத் தாழ்வு. கலங்கல் என்பது ஏரி நிரம்பியதும் உபரி நீர் வழியும் இடம். கலங்கலுக்குக் கீழே ஒரு கால்வாய் இருந்தே ஆக வேண்டும். அது இன்றைக்குக் கண்ணில் படவில்லை என்றால், மேலே யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மழைக்கு அது தெரியாது, பழைய வழியிலேயே வரும்.

இதைக் காகிதத்திலும் பார்க்கலாம். அந்த சர்வே எண்ணின் பழைய பட்டாவில் நன்செய் என்றிருக்கிறதா, புன்செய் என்றிருக்கிறதா? இந்தப் பக்கத்தில் நன்செய் என்றால் பெரும்பாலும் ஏரி ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசன நிலம். பம்ப் இல்லாமல் தண்ணீர் தானாக ஓடிவந்து பாய்ந்த பள்ளம். புன்செய் பொதுவாக மேடு. அ-பதிவேட்டில் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) பக்கத்து சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி (சதுப்பு நிலம்) என்று ஏதாவது ஒட்டியிருந்தால் எஃப்எம்பி எனும் நில அளவை வரைபடத்தை வாங்கி, மனையின் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்துவிடுங்கள்.

முடிச்சூர் பற்றி ஒரு தவறான பேச்சு உண்டு. "2015இல் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் வெள்ளம், இனி அப்படி வராது" என்பார்கள். செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு வரும் வழியில் இருக்கின்றன. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து இறங்கிய தண்ணீர். பிறகு மூடு கால்வாய்கள் கட்டினார்கள். அப்படியும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடி வீடுகளுக்குள் போனது. முடிச்சூர் முழுக்க மோசம் என்று சொல்லவில்லை, மேட்டுத் தெருக்கள் இருக்கின்றன. தெருத் தெருவாகப் பார்க்க வேண்டிய ஊர் அது.

நேரில் போகும்போது கட்டிடத்தின் முகப்பை விடுங்கள், பின்பக்கம் போங்கள். முகப்புக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், பின்சுவரை விட்டுவிடுவார்கள். ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு, அதற்குக் கீழே உப்புப் பூத்த பூச்சு, ஈபி மீட்டர் பெட்டி தலைக்கு மேலே, கேட்டின் இரு பக்கமும் பலகை செருகும் காடி. இதில் இரண்டைப் பார்த்தாலே போதும், தண்ணீர் நின்ற இடம் என்று தெரிந்துவிடும். அந்தத் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடமும் தண்ணீர் கேன் போடுபவரிடமும், "எத்தனை நாள் வண்டி உள்ளே வர முடியல?" என்று கேளுங்கள். "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டால் ஊர் மானத்துக்காக இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

பதில்: மாடிவீடு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இரண்டாம் மாடி வாங்கினால் இவ்வளவு பயம் எதற்கு? முடிச்சூரில் அதே காசுக்கு 150 சதுர அடி கூடுதலாகக் கிடைக்கும் என்றால் யோசிக்கலாமே.

பதில்: கலங்கல்

வீட்டுக்குள் தண்ணீர் வராது, சரி. ஆனால் மீட்டர் போர்டு, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மோட்டார், லிஃப்ட் குழி, செப்டிக் டேங்க், வண்டி எல்லாம் கீழேதானே இருக்கிறது. சம்ப்பில் சாக்கடை கலந்தால் இரண்டாம் மாடிக் குழாயிலும் அதுதான் வரும். மீட்டர் போர்டு நனைந்தால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிடும், காய்ந்த பிறகுதான் கொடுப்பார்கள். மாடி வீடானாலும் பார்க்கிங் தரை சாலையைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். உள்ளே தெரியும் 10 மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் கொத்தனார் பிடிக்கும் அதே மட்டம்தான். ஒரு முனை சாலை நடுவில், மறு முனை பார்க்கிங் தூணில். இரண்டு அடிக்குக் கீழே என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச் சாலை போட்டால் ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறும். மூன்று முறை போட்டால் உங்கள் பார்க்கிங் பள்ளமாகிவிடும்.

பதில்: சம்ப்_மூடி

வெள்ளம் வருஷத்தில் நாலு நாள். தண்ணீர்ப் பஞ்சம் நாலு மாசம். அதைப் பற்றியும் கேளுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். போர்வெல் தண்ணீரை மே மாதம் சோதிப்பது நல்லது, டிசம்பரில் எல்லாப் போரும் நல்ல பிள்ளை. குடிநீர்த் தரத்தில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை. 1500 தாண்டினால் ஹீட்டரும் ஷவரும் உப்பு அடைத்துப் போகும்.

பிறகு லாரிக் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வையுங்கள். 12 ஃப்ளாட், வீட்டுக்கு 4 பேர் என்றால் ஒரு நாளைக்கு 6480 லிட்டர். போர் வற்றினால் 12,000 லிட்டர் லாரி குறைந்தது இரண்டு நாளைக்கு ஒன்று வந்தாக வேண்டும். இங்கேதான் சின்ன விஷயத்தில் மாட்டிக்கொள்வார்கள்: சம்ப் 8000 லிட்டர்தான் இருக்கும். லாரிக்காரர் மீதியைத் திருப்பி எடுத்துப் போவார், காசு மட்டும் முழுசாக. சம்ப்பின் நீளம், அகலம், ஆழத்தை அடியில் அளந்து பெருக்கி, 28.3ஆல் மறுபடி பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். லாரி திரும்ப முடியாத தெரு என்றால் சின்ன வண்டிதான் வரும், லிட்டருக்கு விலை ஏறும்.

பாதாளச் சாக்கடை இணைப்பு அந்தத் தெருவுக்கு வந்துவிட்டதா, "வரப்போகுதா" என்றும் கேளுங்கள். செம்பாக்கம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. அதனால் எல்லாத் தெருவுக்கும் எல்லாம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேன்ஹோல் மூடி தெருவில் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கட்டிடம் இணைந்திருக்க வேண்டும்.

புதுவீடு_தேடல்

மிக்க நன்றி சார். செம்பாக்கத்தில் பார்த்தது 2 கிரவுண்டில் 8 ஃப்ளாட், ஒவ்வொன்றும் 1000 சதுர அடி. யூடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) 420 சதுர அடி என்று எழுதியிருக்கிறார்கள். இது சரியா? எட்டு வருடப் பழைய கட்டிடம், முதல் உரிமையாளரிடமிருந்து வாங்குகிறோம்.

பதில்: மூலப்பத்திரம்

2 கிரவுண்ட் என்றால் 4800 சதுர அடி. எட்டால் வகுத்தால் 600 வர வேண்டும். 420 என்றால் எட்டு வீட்டுக்கும் சேர்த்து 3360 சதுர அடிதான் கொடுத்திருக்கிறார்கள். மீதி 1440 யார் பெயரில் நிற்கிறது? ஒன்று, பில்டரோ பழைய நில உரிமையாளரோ கையில் வைத்திருக்கிறார்; அல்லது சாலைக்குத் தானமாகப் போயிருக்கிறது; அல்லது எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரிக்கவில்லை. மற்ற ஏழு பத்திரத்திலும் யூடிஎஸ் எவ்வளவு என்று வில்லங்கச் சான்றிலேயே தெரியும். இதற்கு எழுத்தில் பதில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாளைக்கு இடித்துக் கட்டும்போது அந்த 1440க்குச் சொந்தக்காரர் வந்து நிற்பார்.

வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு. ஃப்ளாட் எண்ணுக்கு மட்டும் போட்டால் எட்டு வருடம்தான் காட்டும். நிலத்தின் சர்வே எண்ணுக்கும், உட்பிரிவுக்கு முந்தைய பழைய எண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். "வில்லங்கம் இல்லை" என்று வருவதற்குப் பல நேரம் காரணம், தேடின எண் தப்பு. பதிவாகாத கடனும் வழக்கும் அதில் வராமல் போகலாம், ஆகவே மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். "பேங்க்ல இருக்கு" என்றால் எந்தக் கிளை, பாக்கி எவ்வளவு என்று வங்கிக் கடிதம் கேளுங்கள்.

ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணுங்கள். மேலே ஒரு வீடு கூடுதலாக நின்றால் வங்கிக் கடன் அங்கேயே சிக்கும். கூடுவாஞ்சேரியில் தனி மனை பார்த்தால் லேஅவுட் ஒப்புதல் எண் கேளுங்கள். ஒப்புதல் இல்லாத மனை என்றால், 20.10.2016 அன்றோ அதற்கு முன்போ விற்பனை பதிவாகி, பிறகு வரன்முறை ஆணை வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செலவு: பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 70 லட்சத்துக்கு 6.3 லட்சம். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1% பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. மறந்தால் வட்டி உங்கள் தலையில்தான்.

பதில்: முதல்_ரயில்

பயணம் பற்றி யாரும் சொல்லவில்லை. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ரயிலில் அரை மணிக்குள் போகலாம். கஷ்டம் அதற்கு முன்னால். செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு சந்திப்புகளைத் தாண்ட வேண்டும். திங்கட்கிழமை காலை 8:15க்கு ஒரு முறை பைக்கில் போய், வண்டி நிறுத்த இடம் கிடைத்து, பிளாட்பாரம் ஏறும் வரை கடிகாரம் பாருங்கள். கூடுவாஞ்சேரியில் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம் என்றாலும், சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் எல்லா ரயிலும் செங்கல்பட்டு வரை வராது, பல தாம்பரத்தோடு நின்றுவிடும். இரவு திரும்பும் நேரத்து அட்டவணையைப் பாருங்கள்.

சிறுசேரிக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர். மேடவாக்கம் வழியில் மெட்ரோ வேலை நடக்கும்வரை மாலை நேரம் எவ்வளவு ஆகும் என்று உங்கள் மனைவியே ஒரு வாரம் போய்ப் பார்க்கட்டும். முடிச்சூர் அவருக்கு ரொம்பத் தூரம்.

பதில்: கலங்கல்

செம்பாக்கம் என்றால் அந்தத் தெரு ஏரிக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கலங்கல் பக்கம் இல்லாமல், பட்டாவில் புன்செய், பார்க்கிங் இரண்டு அடி மேலே, 1440 சதுர அடிக்கு எழுத்தில் பதில் என்று நாலும் சரியாக இருந்தால் மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். சர்வே எண்ணை இங்கே பொதுவில் போட வேண்டாம், எஃப்எம்பியில் பக்கத்து எண்களின் வகைப்பாட்டை மட்டும் எழுதுங்கள்.